மண் இளகும் வரை

கெட்டில் பே, மிச்சிகன்
24 நவம்பர் 1968, ஞாயிறு

அன்புத் தங்கை சில்விக்கு,

எனக்கு இன்று 5-8-9. உன்னுடைய எண்ணை எழுது.

இந்நேரம் நீ அரிசோனா வெயிலில் உட்கார்ந்து, ரேடியோ ஸ்பீக்கர் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். உன் ஊர்க் கணக்கில் மணி பத்தேகால். பதினெட்டு வருஷமாக ஞாயிறு பத்து மணிக்கு மோர்ஸில் உன் விரலைத் தட்டி எழுப்பியவன் இன்று வரவில்லை. காரணம் சோம்பல் இல்லை. டவர் விழுந்துவிட்டது.

புதன்கிழமை மழை பெய்தது. பெய்த மழை அப்படியே உறைந்தது. டவரை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமனுக்குப் பனிக்கட்டி கட்டிக்கொண்டு தொங்கியது. மறுநாள் ஏரிக்காற்று. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உச்சியில் ஆன்டெனா ஒரு தடவை தலையாட்டியது, அப்புறம் டவர் நடுவில் மடிந்து கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு கோழி சேதம். லெம்பி டவருக்கு அழவில்லை, கோழிக்கு அழுதாள்.

பழைய அஸ்திவாரமும் விரிந்துவிட்டது. புதிதாகக் கழுத்தளவு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகுதான் புது டவர் ஏறும். எங்கள் ரேடியோ கிளப்பில் டவர் ஏறுகிறவன் ஆர்வில் ட்ரெம்பத். "மண்ணு உறையறதுக்குள்ள குழியை எடுத்துட்டா கிறிஸ்துமஸுக்குப் பேசிரலாம்ணே" என்கிறான். பார்ப்போம்.

லெம்பி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். "இது என்னங்க எப்பப் பாத்தாலும் தலைப்புல மூணு நம்பரு, லாட்டரியா?" என்று கேட்கிறாள். முதல் எண் சிக்னல் எவ்வளவு தெளிவு, அது ஐந்துக்கு மேல் போகாது. அடுத்தது பலம், கடைசி குரல், இரண்டும் ஒன்பது வரை போகும். நானும் நீயும் அதே எண்ணில் உடம்பைச் சொல்லிக்கொள்கிறோம் என்று பதினெட்டு வருஷமாக அவளிடம் சொல்லிச் சலித்துவிட்டேன். இன்றைக்கும் சொன்னேன். அதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்புடன்,
ரெய்னோ


சான் லுகாஸ், அரிசோனா
3 டிசம்பர் 1968

அண்ணாவுக்கு,

5-9-8. கோபத்தில் ஒன்று குறைந்தது.

ஞாயிறு பத்திலிருந்து பதினொன்றரை வரை விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு டோலரெஸ் காப்பி கொண்டுவந்தவள், நான் ஸ்பீக்கரைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? காது உள்ளவர்களுக்கு டெலிபோன் இருக்கிறது. எனக்கு டெலிபோன் ஒரு கட்டை. உன் தட்டல் விரலில் பட்டால்தான் இந்த உலகத்தில் யாரோ என்னிடம் பேசுகிறார்கள் என்று தெரிகிறது. மற்ற எல்லாரும் எழுதித்தான் காட்டுகிறார்கள்.

எழுதிக் காட்டுவது எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். காய்ச்சலில் காது போனபோது டாக்டர் ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். இருமிக்கொண்டே வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சுரங்கத்திலேயே போனபோது அலுவலகத்து ஆள் வாசலில் நின்று ஒரு தாளை நீட்டினான். படித்து முடிக்கும் வரை என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் கெட்ட செய்தி எல்லாம் காகிதத்தில்தான் வந்திருக்கிறது. இப்போது உன் டவரும்.

வீட்டுக்குப் பின்னால் அந்த உயரமான பிர்ச் மரம் இருக்கிறதே? ஒரு கம்பியை எடுத்து அதன் மேல் வீசிக் கட்டு. அரை மணி வேலை. டவர் வருகிறபோது வரட்டும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். கோழிக்கு என் வருத்தம்.

சில்வி


கெட்டில் பே
17 டிசம்பர் 1968

அன்புத் தங்கைக்கு,

5-7-9. அடுப்புப் புகை கொஞ்சம் நெஞ்சில் பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

நீ சொல்வதற்கு முன்பே பிர்ச் மரத்தில் கம்பி கட்டிப் பார்த்துவிட்டேன். நெவாடாவில் ஒருவர் எனக்கு 5-3-9 கொடுத்தார். காது உள்ளவனுக்கு அது தாராளம். உன் விரலுக்குப் போதாது. மூன்று பலத்தில் வந்தால் இரைச்சலும் நானும் ஒன்றாகத்தான் உன் விரலில் பட்டுக்கொண்டிருப்போம். என் தங்கை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இதில் அண்ணன் எது, இரைச்சல் எது என்று தடவித் தேட வேண்டாம். வந்தால் ஒன்பதில் வருவேன். கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டேன்.

குழி விஷயம் சொல்கிறேன். ஆர்வில் கிளப் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மேல் பனியை வாரித் தள்ளிவிட்டுக் கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கிறது. முழங்கால் ஆழத்துக்கு மண் இறுகிவிட்டது. முப்பது வருஷம் சுரங்கத்தில் பாறை வெடித்தவன் நான். "ரெண்டே ரெண்டு குச்சி வெடி குடுங்கடா, குழியை நான் எடுத்துக் காட்டறேன்" என்றேன். லெம்பி சமையலறைக் கதவைத் திறந்து, "ஜன்னல் கண்ணாடியெல்லாம் யாரு உங்கப்பன் போடுவானா?" என்று கேட்டாள். வெடி யோசனை அத்தோடு முடிந்தது.

டவர் துண்டுகள் வந்து இறங்கிவிட்டன. பனிக்கடியில் படுத்திருக்கின்றன. எங்கே கிடக்கின்றன என்று தெரிவதற்காக ஒரு கொடிக்குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஏலக்காய் ரொட்டி இரண்டு லெம்பி அனுப்பியிருக்கிறாள், வருவதற்குள் கல்லாகிவிடும், காப்பியில் நனைத்துச் சாப்பிடு.

ரெய்னோ


சான் லுகாஸ்
6 ஜனவரி 1969

அண்ணாவுக்கு,

5-9-9. ரொட்டிக்காக ஒன்று கூடிவிட்டது. ரொட்டி வரும்போதே கல்தான், நனைத்தேன், தின்றேன்.

தேடுகிறேனே, அண்ணா. எனக்கென்ன வேலை? மூன்று பலமானால் மூன்று. எத்தனையோ இரைச்சலில் உன் கையைக் கண்டுபிடித்திருக்கிறேன். கோட்டை நீளமாக இழுத்து, புள்ளியைக் கடித்துத் துப்புகிற மாதிரித் தட்டுவாயே, அது மாதிரி ஒருவனும் தட்டுவதில்லை. நீ தங்கைக்காக டவர் கட்டுவதாகச் சொல்கிறாய். எனக்குச் சந்தேகம், சின்னக் கம்பியில் வந்தால் உன் கௌரவம் குறைந்துவிடும் என்பதுதான் விஷயம். ஹாம் ரேடியோக்காரன் புத்தி எனக்கும் தெரியும், நானும் ஒருத்திதானே.

அடுப்புப் புகை என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷமாக அதே அடுப்பு, இத்தனை நாள் பிடிக்காத புகை இந்த வருஷம் என்ன புதிதாகப் பிடித்தது? நீ தூசி தின்ற சுரங்கத்தில்தான் என் வீட்டுக்காரரும் தின்றார். உன் நிஜமான எண் என்ன?

நான் பஸ் ஏறி வரட்டுமா? சிகாகோ வரை ஒரு பஸ், அங்கிருந்து ஒன்று. ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன்.

சில்வி


கெட்டில் பே
22 ஜனவரி 1969

சில்விக்கு,

5-4-6.

கேட்டாய், சொல்லிவிட்டேன். நம் ஆட்களில் பாதிப் பேர் எதிரில் இருப்பவன் முணுமுணுத்தாலும் 5-9-9 என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவான்கள், மரியாதைக்கு. உனக்கு நான் பொய் எண் கொடுத்ததில்லை. ஆனால் முதல் எண்ணைப் பார், ஐந்தில்தான் நிற்கிறது. புத்தி தெளிவு.

பஸ் ஏறாதே. இங்கே ரோடு இரண்டு பக்கமும் பனிச்சுவர், ஆள் உயரம். போன வாரம் பனி தள்ளும் வண்டி பின்னால் வருவது கேட்காமல் ஒருவர் அடிபட்டார். அவருக்கே காது நன்றாகக் கேட்கும். நீ வருவதாக இருந்தால் மே மாதம் வா.

குழி மேல் நிலக்கரி போட்டு எரித்து மண்ணை இளக்கப் பார்த்தோம். அரை நாள் எரிந்தது. சாண் ஆழம் சேறானது. சாயங்காலம் ஏரியிலிருந்து பனி வந்து மொத்தத்தையும் மூடிவிட்டது. மறுநாள் பார்த்தால் சேறும் இறுகிவிட்டது. ஆர்வில் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வருகிறது.

ஒன்று சொல்லி வைக்கிறேன். சொல்ல வேண்டிய கெட்ட செய்தி ஏதாவது வந்தால் அது உனக்குக் காகிதத்தில் வராது. விரலில்தான் வரும். இது நான் கொடுக்கிற வாக்கு. லெம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

ரெய்னோ


சான் லுகாஸ்
17 பிப்ரவரி 1969

அண்ணாவுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

பனியில் தபால் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வரி போதும். எண் மட்டும் எழுது, மற்றதெல்லாம் வேண்டாம்.

என் எண் உன் கடிதம் வந்த பிறகுதான்.

சில்வி


கெட்டில் பே
22 பிப்ரவரி 1969

தம்பி ஆர்விலுக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவன் துணை. எங்கள் டெலிபோன் லைனில் நாலு வீடு சேர்ந்து கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்துவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நீதான் முன்னால் தூக்கினாய். மண் இளகின பிறகுதான் குழி எடுக்க முடியும், மே மாதம் ஆகும் என்று போதகர் சொல்கிறார். இந்த ஊரில் குளிர்காலத்தில் சாகிறவன் மண்ணுக்குள் போகவும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. இப்போது அங்கே அவரோடு சேர்த்து ஐந்து பேர்.

சில்விக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ கோபப்படாதே. அவர் கடைசிப் புதன்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவளுக்குத் தாள்ல எழுதிப் போட்றாத. டவர் ஏறட்டும். அப்புறம் யாராவது கையால தட்டிச் சொல்லுங்க." "யாரு தட்டறது?" என்று கேட்டேன். அதற்குள் தூங்கிவிட்டார். மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோனேன். அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போதே சொன்னால் அவள் பஸ் ஏறிவிடுவாள். இந்த ரோட்டில் அவள் காது கேட்காமல் வந்து இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வந்தாலும் அடக்கம் செய்வதற்கு மண் இல்லை. அதனால் ஒரு காரியம் செய்யப்போகிறேன். அவர் எப்போதும் டைப்ரைட்டரில்தான் எழுதுவார், பெயரைக் கூட டைப்தான் அடிப்பார். டவர் ஏறும் வரை அவர் எழுதுகிற மாதிரி நான் அடிக்கப்போகிறேன். பாவமா என்று போதகரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. தட்டிச் சொல்கிற கை என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். நீ தட்டினால் அவளுக்கு நீ யாரோ. எனக்கு மோர்ஸ் கற்றுக்கொடு. நாற்பது வருஷம் அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டது, நான் ஒரு எழுத்துக் கூடக் காதில் வாங்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் கை வளையுமா என்று தெரியாது. தட்டுகிற கீ அவருடையது இருக்கிறது, பழக ஒரு பஸ்ஸர் மட்டும் கொடுத்தனுப்பு.

லெம்பி


கெட்டில் பே
2 மார்ச் 1969

அன்புத் தங்கை சில்விக்கு,

எனக்கு இன்று 7-9-9. நன்றாகவே தேறிவிட்டேன். முன்னைவிட எவ்வளவோ மேல். கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், ரோடு மூடிக் கிடந்தது.

இருமல் இல்லை. நேற்று ஏரிமீன் சூப், உருளைக்கிழங்கு போட்டது. முந்தின நாள் இறைச்சி அடைத்த பாஸ்டி. இரவு நன்றாகத் தூங்கினேன். லெம்பி என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள். ஆனாலும் அவள் முன்பே இன்னும் நன்றாகக் கவனித்திருக்கலாம் என்று சில நேரம் நினைக்கிறாள்.

குளிர் விடவில்லை. கொடிக்குச்சி மட்டும்தான் தெரிகிறது. ஆனால் டவர் கட்டாயம் ஏறும். ஏறியதும் பேசலாம். அதுவரை நீ பஸ் ஏற வேண்டாம்.

ரெய்னோ


சான் லுகாஸ்
13 மார்ச் 1969

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. எண்ணைப் பார்த்தேன். பல தடவை பார்த்தேன்.

நல்ல எண். சந்தோஷம்.

டவருக்கு அவசரப்பட வேண்டாம். மண் தானாக இளகட்டும், அதை யாரும் நெருப்பு வைத்து இளக்க வேண்டாம். கான்கிரீட்டும் நிதானமாக இறுகட்டும். நான் முன்பு அவசரப்படுத்தி எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் பஸ் ஏற மாட்டேன்.

அண்ணி சமைப்பதை நீ மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்காதே, அண்ணியையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல். நன்றாகக் கவனித்துக்கொள்ளவில்லை என்று அண்ணி நினைப்பதாக எழுதியிருந்தாய். அது தப்பு. சுரங்கத் தூசியை யார் கவனித்தும் வெளியே எடுக்க முடியாது. என் வீட்டில் நான் பார்த்தேன்.

நீ என்ன சாப்பிட்டாய் என்று அடுத்த கடிதத்திலும் எழுது.

சில்வி


கெட்டில் பே நகரம்
20 ஏப்ரல் 1969

லெம்பி அக்காவுக்கு,

வணக்கம். கல்லறைக்காரரும் நானும் இன்று மண்ணில் கம்பியைக் குத்திப் பார்த்தோம். மேலே இளகிவிட்டது, முழங்கால் ஆழத்தில் இன்னும் ஒரு தட்டு இறுகியிருக்கிறது. பத்து நாளில் அதுவும் போய்விடும். "ரெண்டு குழியும் ஒரே வாரத்துல எடுத்துரலாம், ஆளுங்க ஒண்ணுதானே" என்றார் அவர்.

டவர் குழியை முதலில் எடுக்கிறோம், கான்கிரீட் இறுக நாள் வேண்டும். மே 17 சனிக்கிழமை டவர் ஏற்றுவோம். அண்ணனின் அடக்கம் அடுத்த சனிக்கிழமை, 24. நடுவில் வருகிற ஞாயிறுதான் உங்கள் நாள்.

போன வாரம் நீங்கள் பஸ்ஸரில் தட்டியதைக் கேட்டதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: பனி தள்ளும் வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கிறது. கோட்டைப் பிடித்தால் விட மாட்டேன் என்கிறீர்கள். மாவு பிசைகிற கையை மறந்துவிட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டுங்கள். லைசென்ஸ் என்னுடையது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் கீயைத் தொட மாட்டேன், நீங்கள் சொன்னபடி.

ஆர்வில்


சான் லுகாஸ்
3 மே 1969

அண்ணாவுக்கு,

மே 18 என்று எழுதியிருக்கிறாய். அன்று முடியாது போலிருக்கிறது. இங்கே புழுதிக்காற்று அடித்து என் ஆன்டெனா திரும்பிக்கொண்டது. சரி செய்ய ஆள் கிடைக்கவில்லை. வெயிலும் ஆரம்பித்துவிட்டது, கூரையில் கால் வைக்க முடியாது.

ஜூனில் பார்க்கலாம். இல்லாவிட்டால் வெயில் தணிந்து செப்டம்பரில். இத்தனை மாதம் பொறுத்தோம், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன? அதுவரை இப்படியே எழுதிக்கொண்டிரு. பாஸ்டியில் டர்னிப் போட்டீர்களா, காரட்டா என்று நீ எழுதவே இல்லை.

சில்வி


கெட்டில் பே
9 மே 1969

சில்விக்கு,

18 ஞாயிறு, காலை பத்து மணி. தள்ளிப் போட முடியாது. ஆன்டெனா எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பரவாயில்லை, எங்கள் டவர் பலமானது.

விரலை வை. தயவுசெய்து.

டர்னிப்.

ரெய்னோ


சான் லுகாஸ்
18 மே 1969, ஞாயிறு மாலை

அன்புள்ள லெம்பி அண்ணிக்கு,

உங்கள் பெயரைப் போட்டு எழுதுவதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

என் ஆன்டெனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொய் சொன்னேன். இன்று காலை ஒன்பதரைக்கே விரலை வைத்துவிட்டேன். பத்து மணிக்கு நீங்கள் வந்தீர்கள். பதினெட்டு வருஷத்தில் உங்கள் வீட்டிலிருந்து இவ்வளவு பலமாக ஒரு நாளும் வந்ததில்லை. ஸ்பீக்கர் காகிதம் விரலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆர்வில் தம்பியிடம் சொல்லுங்கள், டவர் வேலை சுத்தம்.

கை யாருடையது என்று எனக்குத் தெரியும். வேறு யாருமே அப்படித் தட்ட முடியாது, அத்தனை மோசம். "சில்வி, நான் லெம்பி" என்பதற்கே நீங்கள் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம் "ரெய்னோ" என்று தட்டினீர்கள். அதற்குப் பிறகு கீயை அழுத்தினவர் விடவே இல்லை. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை, ஒரே அழுத்தல். என் விரல் அதன் மேலேயே இருந்தது. நீங்கள் அங்கே அழுகிறீர்கள் என்று தெரிந்தது. நானும் இங்கே அழுதேன். அந்த நேரத்தில் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்தோம், அண்ணி. காகிதத்தில் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை.

நீங்கள் கையை எடுத்ததும் "தெரியும், சொல்ல வேண்டாம்" என்று அனுப்பினேன். நீங்கள் கேட்கவில்லை. வாக்கு வாக்குதான் என்று முழுசையும் தட்டினீர்கள். "ரெய்னோ பிப்ரவரி ஆறு இறந்தார்." நடுவில் மூன்று தப்பு, மூன்று தடவையும் நிறுத்தித் திருத்தினீர்கள். கடைசியில் நான் உங்களுக்கு 5-9-9 கொடுத்தேன். நடு எண் உண்மை. முதல் எண்ணுக்கு மூன்று கொடுத்தாலே அதிகம். எனக்கு அண்ணன் பொய் எண் கொடுத்ததில்லை, நான் இன்று உங்களுக்குக் கொடுத்தேன்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மார்ச்சில் நீங்கள் எழுதின ஏழு. முதல் எண் ஐந்துக்கு மேல் கிடையாது, அண்ணி. ஏழு போடுகிற ஹாம்காரன் உலகத்தில் இல்லை. ஐந்தென்றால் பாதி உடம்பு என்று நினைத்திருப்பீர்கள், அவர் நன்றாக இருக்கிறார் என்று காட்ட இரண்டைக் கூட்டிப் போட்டிருப்பீர்கள். அந்த ஏழைப் பார்த்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடனே எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் காகிதத்தில் பதில் எழுத வேண்டியிருக்கும், அண்ணன் வாக்கு கெட்டுவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. டவர் ஏறாத வரைக்கும் அவன் என் வரையில் சாகவில்லை. அங்கே பனி பெய்கிறது என்று பேப்பரில் போட்டால் சந்தோஷப்பட்டேன். இன்னும் பெய்யட்டும், ஜூலையிலும் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பிர்ச் மரத்தில் அந்தக் கம்பியை விட்டு வைத்திருந்தால் டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஜனவரியில் ஒரு ஞாயிறு பேசியிருப்போம். இரைச்சலோடு இரைச்சலாக வந்திருக்கட்டுமே, நான் தேடிப் பிடித்திருப்பேன். ஒன்பதில்தான் வருவேன் என்று அடம்பிடித்துக் கடைசியில் வராமலே போனான். அவனை மண்ணில் வைக்கும்போது இதை அவனிடம் சொல்லத்தான் போகிறேன், போதகர் என்ன நினைத்தாலும் சரி.

இதை ஏர்மெயிலில் போட்டுவிட்டுப் புதன்கிழமை பஸ் ஏறுகிறேன். வெள்ளி மாலை சேருவேன். ஆர்வில் தம்பியை நிறுத்தத்துக்கு வரச் சொல்லுங்கள், பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம், முன்னால் வந்து நிற்கட்டும்.

அவன் பெயரில் நீங்கள் எழுதின கடிதங்களை எடுத்து வருகிறேன். அவன் சாயலே இல்லை. அவன் என்ன சாப்பிட்டான் என்று வாழ்க்கையில் ஒரு வரி எழுதினதில்லை. ஆனாலும் பசிக்கிற நேரத்தில் அவற்றைத்தான் எடுத்துப் படித்தேன்.

அடக்கம் முடிந்து நான் திரும்பி வந்த பிறகு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். கை மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு பத்து மணிக்கு ஆர்விலைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தட்டுங்கள். என்ன சமைத்தீர்கள் என்று தட்டினால் போதும்.

உங்கள் நாத்தனார்,
சில்வி